சகலைக்கு ஒரு கிளாஸ்

மூன்றேகால் ஆகிறது, நாலரைக்கு வருகிறேன் என்றிருக்கிறான், வருவான், லூசியேன் நேரம் தவறமாட்டான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் அவனுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள், வேறு எதையும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை, வரட்டும், உட்காரட்டும், காலை நீட்டட்டும், என் கையாலேயே ஊற்றித் தருகிறேன், ஒரே ஒரு கிளாஸ், அதற்கப்புறம் இந்தப் புதுச்சேரியில் ஒயினைப் பற்றி வாய் திறக்க அவனுக்குக் கூசவில்லை என்றால் என் பெயர் செவரேன் இல்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறேன். துண்டை நாலாக மடித்துப் போட்டும் கல் சுடுகிறது. கையில் நைலான் கயிறு. அதன் மறுமுனையில், பதினெட்டு அடி கீழே, தண்ணீருக்குள், மீன்வலையில் தைத்த பையில் எட்டு பாட்டில் படுத்திருக்கிறது. ஏழு எங்களுடையது, எனக்கும் லெயோனிக்கும் பொது. எட்டாவது சகலைக்கென்று நான் தனியாகத் தயார் செய்தது. இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் ஒயினை அலமாரியில் வைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான், தக்கை பிதுங்கிக்கொண்டு வரும், உள்ளே இருப்பது புளித்துக் காடியாகிவிடும், அதனால்தான் கிணறு, கிணற்றுக்கு மாதம் கிடையாது, தையிலும் சித்திரையிலும் அதே குளிர். ஒரே ஒரு இடைஞ்சல், தண்ணீரில் லேபிள் உரிந்துபோகும். அதற்கு லெயோனி முடிச்சு கண்டுபிடித்தாள். தக்கைமேல் மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி ஊற்றிவிட்டு, கழுத்தில் நூல் கட்டுவாள், சாதாரணமானதற்கு ஒரு முடிச்சு, கொஞ்சம் காத்திருக்க வேண்டியதற்கு இரண்டு, நல்லதற்கு மூன்று, கல்யாணம் கருமாதிக்கென்று வைத்ததற்கு நாலு. எந்தப் பாட்டிலுக்கு எத்தனை என்று அவள் மூக்குதான் தீர்மானிக்கும், அதில் நான் தலையிட்டதில்லை. இந்த ஒயினெல்லாம் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து நானே முங்கி எடுத்தது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நான் முப்பத்து மூன்று வருஷம் சரக்கறைக்குப் பொறுப்பாக இருந்த ஓட்டலின் முதலாளி, தன் ஊருக்குத் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான், ஆனால் அதைச் சொன்னால் யார் நின்று கேட்பார்கள். ஒரு புயலில் இந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படியே தூண் மாதிரி எழுந்து தென்னைமர உயரத்துக்கு நின்றதும், பாட்டில்கள் அதற்குள் சுற்றிச் சுற்றி வந்து விடிந்ததும் ஒரு கீறல் இல்லாமல் பைக்குள் போய்ப் படுத்ததும் நான் கண்ணால் பார்த்தது, லெயோனியைக் கேட்டால் அப்போது அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வாள்.

அவளைக் கேட்க முடியாது. பதினோரு நாளாக அவள் என்னோடு பேசுவதெல்லாம் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, மாத்திரை போட்டீங்களா, கேட்டைத் தாழ் போடுங்க, அவ்வளவுதான். பதினோரு நாள். ஈஸ்டர் மதியச் சாப்பாடு லூசியேன் வீட்டில். லெயோனியின் தங்கை மத்தில்த்தைக் கட்டியவன் என்பதால் அவன் எனக்குச் சகலை, எனக்கு அவன் வேறெந்த வகையிலும் ஒன்றுமில்லை. மேசையைச் சுற்றிப் பதிமூன்று பேர். பதிமூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் அதில் யூதாஸ் யாரென்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், நான் பார்க்கவில்லை. நாலு முடிச்சுப் போட்ட இரண்டில் ஒன்றை லெயோனி தானே கிணற்றிலிருந்து இழுத்து, ஈரத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எடுத்துப் போகிற மாதிரி. வேகத்தடை வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரிடம், "தம்பி, மெதுவா, மெதுவா." நான் அதைத் திறந்து ஒரு வாய் பார்த்துவிட்டு, எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், சகலைதான் பிரான்சையே குடித்துப் பார்த்தவர், முதல் கிளாஸ் அவருக்கு, ருசி என்ன என்று அவர் வாயால் சொல்லட்டும். கடுப்பில் சொன்னேனா மரியாதைக்குச் சொன்னேனா, இரண்டும்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான், சுழற்றினான், சினிமாவில் வருகிற மாதிரி. ஒரு வாய் குடித்தான். அப்புறம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஜன்னலோரம் குரோட்டன்ஸ் தொட்டியில் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு, "அண்ணே, இது ஊறுகாய் போட ஆகும், குடிக்க ஆகாது," என்றான். சிரிப்பு. மேசை அதிரச் சிரிப்பு. முள்கரண்டிகள்கூடச் சிரித்தன. அந்தச் சிரிப்பை நான் ராத்திரி பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று பேர், லெயோனி சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும், நான் அவள் கையைப் பார்த்தேன், துணியை மடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கழித்துவிட்டால் பதினொன்று. ஆனால் காதில் கேட்டது பன்னிரண்டு. மத்தில்த் கிளிமாதிரி, அவள் பெரியப்பா மகன் இருமலும் சிரிப்புமாக, எதிர்வீட்டுத் தம்பதி ஒரே சுருதியில், லூசியேன் தானே மூக்கால். எண்ணி எண்ணிப் பதினொன்றில் நிறுத்துகிறேன், அதற்கப்புறமும் ஒரு சிரிப்பு மிச்சம் நிற்கிறது. சரி, காது சரியில்லை, எழுபத்து நாலு வயதில் சிரிப்பு எதிரொலிக்கும். அதோடு விட்டானா. கிளம்பும்போது வாசல்வரை வந்து, அவன் பையன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒயின், கீழே பிளாஸ்டிக் குழாய் வைத்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரித் திறந்துவிட்டுப் பிடிப்பது, அதில் பாதி மிச்சத்தை என் கையில் திணித்தான். "எடுத்துட்டுப் போங்கண்ணே. நல்ல சரக்குன்னா எப்படியிருக்கும்னு அக்காவும் ஒரு வாய் பாக்கட்டும்." அக்காவும். ஒரு வாய். பாக்கட்டும்.

முதலில் நினைத்தது வேறு. அவனுக்குப் பென்ஷன் வர வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறான் என்று சான்று அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் நான் ஒரு கடிதம் போட்டுவிட்டால் என்ன, ஐயா, மேற்படி லூசியேன் போன செவ்வாய்க்கிழமை சுண்ணாம்பாற்றில் விரால்மீனோடு சண்டையிட்டு அகால மரணம் அடைந்தார், மீன் நலம். மூன்று நாள் மனசுக்குள் அந்தக் கடிதத்தை எழுதித் திருத்தி எழுதினேன், நல்ல கடிதம். பிறகு மத்தில்த் நினைவுக்கு வந்தாள், விட்டுவிட்டேன். ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில், வெடிகுண்டுக்கு நடுவே நின்றேன் என்கிறானே, நீ உரித்தது உருளைக்கிழங்கு என்று அவன் மெடலைக் குத்தியிருக்கும் நாளில் கூட்டத்தில் சொல்லலாமா என்றும் பார்த்தேன். அதெல்லாம் நாக்கைத் தொடாது. அடித்தால் அவன் அடித்த இடத்திலேயே அடிக்க வேண்டும். நாக்கில். ஏழாம் நாள் காலை லெயோனி பூசைக்குப் போயிருந்தபோது வந்தது யோசனை, பல் விளக்கிக்கொண்டிருந்தேன், நுரையோடு சிரித்துவிட்டேன். அவனுடைய அட்டைப்பெட்டி ஒயினையே புனல் வைத்துக் காலிப் பாட்டிலில் நிரப்பினேன். தக்கை அடித்தேன். மெழுகு உருக்கி ஊற்றினேன். நூல் கட்டி நாலு முடிச்சுப் போட்டேன், லெயோனி முடிச்சு சின்னதாக மிளகு மாதிரி விழும், என்னுடையது கொட்டைப்பாக்கு மாதிரி விழுந்தது, பரவாயில்லை. கிணற்றில் இறக்கினேன். இன்றைக்கு அவன் குடிப்பான். லேபிள் இல்லாத பாட்டில், செவரேன் வீட்டுக் கிணறு, இது போதும் அவனுக்கு, முகத்தைச் சுளிப்பான், துப்புவான், காடி என்பான், ஊறுகாய் என்பான். நான் அவசரப்பட மாட்டேன். மேசைக்கடியிலிருந்து அந்தக் காலி அட்டைப்பெட்டியை எடுத்து எதிரில் வைத்துவிட்டு, "சகலை, இது உங்க வீட்டுச் சரக்குதான்," என்பேன். அவ்வளவே. ஆறு வார்த்தைகூட இல்லை. நாலு நாளாக இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன், சகலைக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்த வேண்டும், சரக்கில் அழுத்த வேண்டும். லெயோனி பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். கேட்டால் சரியாகிவிடும். சரியாகிவிடுமா. அதற்காகத்தானே இவ்வளவும்.

ஏனென்றால் ஆறு மணி. மாதா கோயிலில் மாலைத் திருந்தாதி மணி அடித்து முடிந்ததும் பின்கட்டில் மேசை, இரண்டு கிளாஸ், இரண்டு நாற்காலி, முப்பத்தோரு வருஷம். ஒரு பாட்டிலைத் திறந்தால் நாலு நாளைக்கு வரும், அது தீர்ந்தால் மறுபடி நல்ல நாள் வரும்வரை உள்ளூர் ஒயின், என்ன ஒயின் என்பதல்ல, உட்காருவது. அவள் பேசமாட்டாள், கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோவாள், கண்ணை மூடுவாள், ஒரே ஒரு வார்த்தை சொல்வாள், "ஈரச்சாக்கு" என்பாள், "நாவப்பழக்கொட்டை" என்பாள், ஒருநாள் "புது செருப்பு" என்றாள், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு கதை சொல்வேன், புது செருப்புப் போட்டுக்கொண்டு கடல்மேல் நடந்துபோன சாமியாரின் கதை, பொய் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சாமியார் திரும்பி வந்தாரா என்று கேட்பாள். மூக்கு அவளுடையது, வாய் என்னுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் ஒயின் குடிப்பதாகக் கணக்கு. ஈஸ்டர் மறுநாள் ஆறு மணிக்கு வந்து பார்த்தேன், மேசையில் ஒரு கிளாஸ். துடைத்துப் பளபளவென்று ஒன்றே ஒன்று. "உனக்கு?" "எனக்கு வேணாம், நீங்க குடிங்க." உள்ளே போய்விட்டாள். கோபமென்றால் பாத்திரம் விழும், கதவு அடிக்கும், நாற்பத்து நாலு வருஷத்தில் அதெல்லாம் எனக்குப் பழக்கம். இப்போது ஒன்றும் விழவில்லை. தனியாகக் குடித்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, ஒருநாள் இது இப்படித்தான் ஆகும், இரண்டு பேரில் ஒருத்தருக்கு, என்று தோன்றியது, யாருக்கு என்று யோசிக்காமல் சட்டென்று எழுந்துவிட்டேன். அவமானம் அவளுக்கு, அவள் தேர்ந்தெடுத்த பாட்டில், அவள் மடியில் வந்த பாட்டில், தங்கை வீட்டில், தங்கை புருஷன் கையால், பூத்தொட்டியில். வேறென்ன. அதற்குத்தான் இன்றைக்கு. சிரித்த பதினொரு பேருக்கும் சேர்த்து. பன்னிரண்டு. பதினொன்று. கிணற்றுக்குள் தவளை கத்துகிறது, அது சாதாரணத் தவளை இல்லை, ஒரு பாட்டில் கசிந்த வருஷம் அங்கேயே குடியேறியது, குருத்தோலை ஞாயிறன்று லத்தீனில் பாடும், அது இப்போது கத்துவதுகூடச் சிரிப்பு மாதிரி இருக்கிறது, வாயை மூடு.

கேட் சத்தம். நாலரை. இஸ்திரி போட்ட சட்டை, கால்மேல் கால். "வாங்க லூசியேன், மத்தில்த் பையன்கிட்ட போய்ச் சேந்துட்டாளா?" என்கிறாள் லெயோனி, அவளுக்கு அவனோடு பேச்சு இருக்கிறது, என்னோடுதான் இல்லை. "சேந்துட்டா அக்கா. அங்க குளிருதாம்." "ரெண்டு மூட்டை குளிரு அனுப்பச் சொல்லுங்க சகலை," என்கிறேன் நான், குரல் தேனாக வருகிறது, எனக்கே பயமாக இருக்கிறது. மேசையில் மூன்று கிளாஸ் வைத்தேன். லெயோனி ஒன்றை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். கயிற்றை இழுத்தேன், கொட்டைப்பாக்கு முடிச்சுப் பாட்டிலை எடுத்து ஈரத்தோடு மேசையில் நிறுத்தினேன். அவள் அதன் கழுத்தைப் பார்த்தாள். "இது யாரு போட்ட முடிச்சு?" "நான்தான்." "அதானே பாத்தேன்." மெழுகை உடைத்தேன், தக்கையைத் திருகி இழுத்தேன், ஊற்றினேன். அவன் வெளிச்சத்தில் பார்த்தான். சுழற்றினான். குடித்தான். என் காலடியில், மேசைக்கடியில், காலி அட்டைப்பெட்டி. வாக்கியம் நாக்கு நுனியில். துப்பு. துப்புடா. "பிரமாதம்ணே," என்றான். எனக்கு விளங்கவில்லை. "என்ன பிரமாதம்?" "கெட்டியா, நல்லா... கிணத்துச் சரக்குன்னா கிணத்துச் சரக்குதான்." "பழ வாசம் வருதா?" "வருதே." "என்ன பழம்?" அவன் லெயோனியைப் பார்த்தான், பரீட்சையில் பக்கத்து ஆள் பேப்பரைப் பார்க்கிற மாதிரி. மேசையைப் பார்த்தான். தட்டில் முந்திரிப்பருப்பு இருந்தது, உதவவில்லை. "பலாப்பழம்," என்றான். லெயோனி எட்டி அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "இது உங்க வீட்டு அட்டைப்பெட்டி, லூசியேன்."

என் வாக்கியம். நாலு நாள் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்ததை, நிறுத்தமும் இல்லாமல் அழுத்தமும் இல்லாமல், கறிக்கு உப்பில்லை என்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். "நாலு வருஷமாச்சு அக்கா," என்றான், "ஊரெல்லாம் பரவுன அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. மத்தில்த்துக்குக்கூட முழுசாத் தெரியாது. உப்பு கூடிப்போச்சுன்னு அவ சொன்னா நானும் ஆமாங்கிறேன். அன்னிக்கு அண்ணன் எழுந்து நின்னு ருசி சொல்லுங்கன்னுட்டாரு. எல்லாரும் பாக்குறாங்க. வாய்க்குள்ள வெறும் தண்ணி. நான் என்ன சொல்லுவேன்? நல்லாருக்குன்னு சொன்னா எப்படி நல்லாருக்குன்னு கேப்பாரு. நல்லால்லன்னுட்டா யாரும் மேல கேக்கமாட்டாங்கல்ல." அடடா. அடடடா. எனக்குள் மணி அடித்தது, பெரிய கோயில் மணி, நாக்கில்லாத பட்டாளத்தான், ருசி தெரியாத ராஜா, இதைவிட என்ன வேண்டும், கடிதம் வேண்டாம், மீன் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடுவார்கள், நான் எழுந்து நிற்பேன், உண்மையைச் சொல்லமாட்டேன், சே, சொன்னால் ஒரு நாளோடு முடிந்துவிடும், சகலை ருசி சொல்லட்டும் என்பேன், அவ்வளவுதான், ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், சகலை, என்ன பழம், அவன் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே முந்திரிப்பருப்பு தின்பேன், அவன் சாகும்வரை அல்லது நான் சாகும்வரை. "என்ன சிரிக்கிறீங்க?" லெயோனி. நான் சிரித்துக்கொண்டிருந்தேனா. "ஒன்னுமில்ல." "அவருக்குத் தெரியல, சொன்னாரு. அவரை விடுங்க." நாற்காலியை இழுத்து எனக்கு நேராகப் போட்டாள், உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு அந்தப் பாட்டிலு நல்லாருந்துதா, இல்லியா?" "நல்லாருந்துது." "நீங்க குடிச்சீங்கல்ல?" "குடிச்சேன்." "தெரிஞ்சுதுல்ல?" "தெரிஞ்சுது." "அப்புறம் நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

பன்னிரண்டு. பின்கட்டில் வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது, லூசியேன் தன் செருப்பைப் பார்க்கிறான், யாரும் என்னைக் காப்பாற்றப் போவதில்லை. சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, சிரிப்புக்குள்ளே வைத்துக்கொண்டேன். சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை, வாய் சும்மா இருக்குமா, என் வாயாயிற்றே, "ஆமா சகலை, ரெண்டு மாங்கா கொண்டாங்க, இப்பவே போட்டுடலாம்," என்றும் சொன்னேன், அதற்குத்தான் மேசை அதிர்ந்தது, அவன் சொன்னதற்கில்லை, நான் சொன்னதற்கு. அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாளாக ஒரு கிளாஸை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்தது அவன் மேலிருந்த கோபத்தில் இல்லை. எவ்வளவு நேர்த்தியாகப் பழிவாங்கியிருக்கிறாள், சத்தமில்லாமல், தினமும் ஆறு மணிக்கு, நான் அதை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். "லெயோனி," என்றேன். கப்பல், புயல், சாமியார் எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நின்றன, ஒன்றையும் உள்ளே விட முடியவில்லை. "பயந்துட்டேன்," என்றேன். அவள் கிணற்றுக்குப் போனாள். வலைப்பையை அவளே இழுத்தாள், உதவ எழுந்தேன், "உக்காருங்க," என்றாள், உட்கார்ந்தேன். மிளகு மிளகாக நாலு முடிச்சு, மிச்சமிருந்த ஒன்றே ஒன்று. திறந்தாள். அலமாரியிலிருந்து தன் கிளாஸை எடுத்து வந்தாள். தனக்கு ஊற்றினாள். லூசியேனுக்கு ஊற்றினாள், நிறைய. "எனக்கெதுக்கு அக்கா, எனக்குத்தான் ஒன்னும் தெரியாதே." "குளுகுளுன்னு இருக்கும், குடிங்க." அவன் குடிக்கிறான், பச்சைத்தண்ணீர் மாதிரி, மடக் மடக்கென்று, முதலாளி எனக்குக் கொடுத்த பாட்டில்களிலேயே சிறந்ததை, தொண்டைக்குள் தீர்ந்துபோகிறது, நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கிளாஸை நகர்த்தினேன். அவள் என் பாட்டிலை எடுத்தாள், கொட்டைப்பாக்கு முடிச்சை, விளிம்புவரை ஊற்றி என் முன்னால் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு எதிரில். உட்கார்ந்தேவிட்டாள். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடினாள், பதினோரு நாளாக நான் பார்க்காத முகம், "கொல்லம்பட்டறை," என்றாள், வாசனை மேசையைத் தாண்டி லேசாக எனக்கும் வந்தது, பழுத்த இரும்பும் அடியில் ஏதோ இனிப்பும், ஒரு சொட்டுக்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். கண்ணைத் திறந்தாள். "குடிங்க." குடித்தேன். பிளாஸ்டிக்கும் சீனித்தண்ணீரும், பல்லிடுக்கில் காகிதம். "எப்படியிருக்கு உங்களுது?" ஒரு கதை தயாராகத்தான் இருந்தது, நல்ல கதை. "கேவலமா இருக்கு," என்றேன்.

"உங்க பாட்டிலு இன்னும் பாதி இருக்கு," என்றாள். கிளாஸை நீட்டினேன்.